குளியலறைப் பேச்சுவார்த்தை

போன செவ்வாய்க்கிழமை காலையில் என் வீட்டுக்குள் திருடன் புகுந்துவிட்டான் என்று நம்பினேன். சும்மா இல்லை... மனதார நம்பினேன். என்னைக் குளியலறைக்குள் வைத்து வெளித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, அவன் நிதானமாக வீட்டைச் சுருட்டிக்கொண்டிருக்கிறான் என்று யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் சத்தியம் செய்திருப்பேன்.

சிரிக்காதீர்கள். முதலில் நிலவரத்தைக் கேளுங்கள்.

மகளின் பிரசவத்துக்கென்று என் மனைவி ஐப்பசியில் கோயம்புத்தூர் போனாள். இப்போது மார்கழி. பேரனுக்குத் தலை நிற்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தகவல். தருமபுரம் வீட்டில் நானும் வாடைக்காற்றும்தான். மழை விட்டு விட்டுப் பெய்கிறது. துவைத்துப் போட்ட லுங்கி காய்வதாக இல்லை. தேங்காய் எண்ணெய் உறைந்துபோய், பாட்டிலுக்குள் ஸ்பூனை விட்டு நோண்டினேன் — ஸ்பூன் உள்ளேயே குடியேறிவிட்டது. தோசை மாவு பொங்க மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறது. அரைத்தது யார் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

இந்தக் குளிரில் எனக்கு மிச்சமிருக்கும் ஒரே சுகம் வெந்நீர்க் குளியல். அன்றும் அடுப்பில் தண்ணீர் காய்ச்சி, வாளியில் விளாவி, ஆற அமரக் குளித்தேன். துண்டைக் கட்டிக்கொண்டு உள்தாழ்ப்பாளை நீக்கிக் கதவை இழுத்தால்... வரவில்லை. சரியாக அந்த நேரம் பார்த்துச் சமையலறையில் பாத்திரங்கள் கடகடவென்று உருளும் சத்தம்.

இரண்டையும் கூட்டினேன். விடை: திருடன்.

நம்மூருக்கு எல்லை தாண்டி மலிவு மதுவைத் தேடி வந்த வெளியூர்க்காரன், திரும்பிப் போக பஸ்ஸுக்குக் காசில்லாமல் உள்ளே நுழைந்திருக்கிறான் — இந்த அளவுக்கு ஆள் அடையாளமே முடிவு செய்துவிட்டேன். கூச்சல் போடலாமா? அவன் பதறி ஏதாவது செய்துவிட்டால்? கதவை உதைக்கலாமா? கோபித்துக்கொண்டால்? ஆகவே இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன். அவனுக்குத் தொந்தரவு இல்லாமல், இரண்டே விரலால்.

யாராவது தேடி வருவார்களா என்று யோசித்தேன். பால் பாக்கெட் கேட்டில் தொங்கும் பைக்குள் போய்விடும். பேப்பர் வாசலில் விழும். மத்தியானம் மனைவி போன் செய்வாள். எடுக்காவிட்டால் தூங்குகிறார் என்று விட்டுவிடுவாள். ஆக, ஒரு மனிதனைக் காணோம் என்று முதலில் கண்டுபிடிக்கப் போகிறவர் இந்தப் பத்திரிகையின் உதவி ஆசிரியர். அதுவும் வெள்ளிக்கிழமை... கட்டுரை வரவில்லையே என்று.

அதுவரை ஒரு துண்டை வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியுமா? பல் கிட்டியது. பேச்சுவார்த்தையில் இறங்கினேன்.

"தம்பி, நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். பீரோவுல பழைய பட்டுப்புடவைதான் இருக்கு. டிவி ரொம்பப் பழசு, தூக்குக்கூலிகூட தேறாது. லேப்டாப்பை மட்டும் விட்டுடுப்பா, அதுலதான் வாராவாரம் எழுதுறேன்."

அவன் மறுக்கவில்லையே என்று தெம்பாகத் தொடர்ந்தேன். எந்த ஊர் என்று விசாரித்தேன். சாப்பிட்டானா என்று கேட்டேன். மாவை நம்பாதே, ரவை இருக்கிறது, உப்புமா கிண்டிக்கொள் என்று வழி சொன்னேன்.

அப்புறம் பேச்சு எங்கெங்கோ போய்விட்டது. மனைவி தினமும் போனில் "சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்று கேட்பதையும், இரண்டுக்கும் ஆமாம் சொன்னதும் பேச ஒன்றுமில்லாமல் போவதையும் சொன்னேன். பேரனை இன்னும் போன் திரையில்தான் பார்த்திருக்கிறேன், அவன் என் முகத்தைப் பார்த்து வீறிட்டு அழுதால் நெட்வொர்க் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் என்றேன். சொல்லிவிட்டு நானே சிரித்தேன். லுங்கி காயாத கதை, ஸ்பூன் கதை, எல்லாவற்றையும் சொன்னேன்.

இப்போது நினைத்தால் — மழைக்காலம் தொடங்கியதிலிருந்து நான் யாரிடமும் அவ்வளவு நேரம் பேசியதில்லை.

மறுபடி கடகட. பதில் மட்டும் இல்லை.

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. திருட வந்தவன் திருடிவிட்டுப் போகட்டும். ஒரு மனுஷன் மனதில் இருப்பதையெல்லாம் கொட்டிக்கொண்டிருக்கிறான்... ஒரு 'ம்' சொன்னால் என்ன குறைந்துவிடும்?

கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றி, ஒரு காலைச் சுவரில் ஊன்றி, ஒரே இழுப்பு. கதவு திறந்த வேகத்தில் நான் வாளிக்குள் உட்கார்ந்தேன்.

வெளியே எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. லேப்டாப், டிவி, பொங்காத மாவு.

மத்தியானம் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து நஸீமா கூப்பிட்டாள். பக்கத்து வீடு, கணவர் துபாயில், என் மனைவிக்கு நெருங்கிய தோழி. எங்கள் குளியலறை ஜன்னல் அவர்கள் கொல்லையைப் பார்த்துத்தான் இருக்கிறது. சுவருக்கு மேலே ஒரு தட்டை நீட்டினாள். அதில் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்துச் செய்த இனிப்பு, இரண்டு கிண்ணம் வட்டலப்பம்.

எதற்கு இரண்டு என்றேன்.

"வந்தவங்களுக்கும் சேர்த்துத்தான். காலைல பேச்சுச் சத்தம் கேட்டுச்சுண்ணே. நீங்க இப்படிச் சிரிச்சுப் பேசி எவ்வளவு நாளாச்சு... யாரோ ரொம்ப வேண்டியவங்க போலன்னு நானும் குறுக்க வரலை. யாருண்ணே அது?"

தட்டை வாங்கிக்கொண்டேன்.

"தெரிஞ்ச பையன்தாம்மா. அவசரமா கெளம்பிட்டான்."

"அடுத்த தடவ சாப்புட்டுட்டுப் போகச் சொல்லுங்க" என்றாள்.

சொல்கிறேன் என்று சொல்லி, இரண்டு கிண்ணத்தையும் நானே காலி செய்தேன்.

உங்களிடம் மட்டும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பாத்திரத்தை உருட்டியது எங்கள் பழைய ஃப்ரிட்ஜ். ஓடி நிற்கும்போதெல்லாம் அது உடம்பைக் குலுக்கும். மேலே கவிழ்த்து வைத்த தட்டுகள் ஆடும். வருஷக்கணக்காக அப்படித்தானாம், மனைவி போனில் சொன்னாள். வீட்டில் ஆள் இருந்தவரை என் காதில் விழுந்ததில்லை. கதவு மரக்கதவு, மழை ஈரத்தில் உப்பி நிலையோடு இறுகிவிட்டது. வெளித் தாழ்ப்பாளை யாரும் தொடவில்லை.

அன்று என் வீட்டுக்கு யாரும் வரவில்லை.