கெட்டிமேளத்துக்குக் கர்னாய்

என் கழுத்தில் தாலி ஏறியபோது மேளம் இல்லை. வன்னியில் அப்போது சண்டை, ஷெல்லடி. சத்தம் கூடாது என்று மேளகாரரை வேண்டாம் என்றுவிட்டார்கள். முடிச்சுப் போடுகிற நேரம் பக்கத்து வயலில் ஒரு ஷெல் விழுந்தது. மகள் நடக்கத் தொடங்கும் முன்பே என் கணவர் இல்லாமல் போனார். இதற்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று படித்தவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். தாலி ஏறும்போது அபசகுனமாக எதுவும் காதில் விழக்கூடாது என்றுதான் கெட்டிமேளம் கொட்டுகிறோம். என் காதில் விழுந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அதனால் மகளின் கலியாணத்தில் ஒரே ஒரு விஷயத்தில்தான் பிடிவாதமாக நின்றேன். மாப்பிள்ளை உஸ்பெக் பெடியன், இங்கே பிரான்சில் சென் தெனியில் அவளோடு படித்தவன். சரி என்றேன். சாப்பாட்டில் பாதி அவர்கள் முறைப்படி. அதற்கும் சரி. மேளம் மட்டும் எங்கள் மேளம்.

மண்டபம், எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடி. யன்னலுக்கு நேரே பாலத்தில் மெத்ரோ ரயில் கடகடக்கும். அதைவிடப் பொல்லாதது, பக்கத்திலே பெரிய ஆஸ்பத்திரி. அம்புலன்ஸ் ஊளையிட்டபடியே இருக்கும். வேறு மண்டபம் கிடைக்கவில்லை. கை பலமான தவில்காரராகத் தேடிப் பிடித்திருந்தேன்.

முகூர்த்தம் நெருங்கும்போது அவரிடமிருந்து போன்.

"அக்கா, லா கூர்னெவ் தாண்டி ரயில் நிக்குது. கதவும் திறக்கிறாங்களில்லை."

என் கைகால் குளிர்ந்துவிட்டது. கீழே ஓர் அம்புலன்ஸ் போன சத்தத்தில் ஓடிப்போய் யன்னலைச் சாத்தினேன்.

"போனில மேளத்தைப் போட்டு ஸ்பீக்கரில விடுவம் அம்மா," என்றாள் மகள்.

"உன்ர தலை! அம்புலன்ஸுக்கு முன்னால அது எடுபடுமோ?"

"முகூர்த்தம் போகப்போகுது," என்றார் ஐயர்.

அப்போதுதான் மாப்பிள்ளையின் மாமா எழுந்து வந்தார். தாலி கட்டி முடிந்து மணமக்கள் தெருவில் இறங்கும்போது வாசிக்கவென்று, தன் கூட்டாளிகள் இருவரோடு தங்கள் வாத்தியங்களைக் கொண்டுவந்திருந்தார். அவர் மாப்பிள்ளையிடம் சொல்ல, மாப்பிள்ளை மகளிடம் பிரெஞ்சில் சொல்ல, மகள் என்னிடம் சொன்னாள்: "தாங்கள் வாசிக்கினமாம்."

உறைகளைப் பிரித்தார்கள். சுர்னாய் என்று ஒன்று, நாதஸ்வரத்தின் கைக்குழந்தை மாதிரி, முழங்கை நீளம். தோய்ரா என்று ஒன்று, மா அரிக்கும் அரிதட்டில் தோல் போர்த்து உள்ளே இரும்பு வளையங்கள் கோர்த்தது. மாமா கையில் கர்னாய். துண்டுகளைப் பூட்டியதும் ஆளைவிட உயரமான பித்தளைக் குழலாகிவிட்டது.

தோய்ராக்காரர் தோல் தளர்ந்திருப்பதைத் தட்டிப் பார்த்துவிட்டு, நேரே போய் ஓமத்தீயில் அதைக் காய்ச்சத் தொடங்கினார்.

"ஐயோ, தோலை அங்கால கொண்டுபோகச் சொல்லுங்கோ!" என்று ஐயர் துள்ளினார்.

"தவில் என்ன ஐயா, பிளாஸ்டிக்கோ?" என்றேன். சபை சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவர்களுக்கு எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்று என்ன தெரியும்? என் கை மேலே இருக்கும்வரை நிறுத்தவே கூடாது என்று மகளைக் கொண்டு சொல்லுவித்தேன். மாமா நெஞ்சில் கைவைத்துத் தலையசைத்தார்.

கர்னாயை வானத்தைப் பார்க்கத் தூக்கித்தான் ஊதுவார்களாம். மண்டபத்துக் கூரை பதிவு, கர்னாய் நிமிராது. மாமா மேலும் கீழும் பார்த்துவிட்டு, யன்னலைத் திறந்து அதன் வாயை வெளியே நீட்டினார்.

"அட கடவுளே, சத்தம் முழுக்க வெளியால போயிடுமே!"

"அம்மா, கையைத் தூக்குங்கோ!" என்று மகள் மணவறையிலிருந்து கத்தினாள்.

தூக்கினேன். யானை பிளிறிய மாதிரி இருந்தது. நிலம் அதிர்ந்தது, மேசையில் கிளாசுகள் நடுங்கின. மந்திரமும் கேட்கவில்லை, மெத்ரோவும் கேட்கவில்லை. மாப்பிள்ளை முடிச்சில் கைவைத்தான். அந்த நேரம் பார்த்து அவன் முகத்தில் நீல வெளிச்சம் அடித்தது. பிறகு மகளின் முகத்தில். பிறகு சுவரில். யன்னலுக்குக் கீழே ஓர் அம்புலன்ஸ் நீல விளக்குச் சுழல வாகன நெரிசலில் மாட்டிக்கொண்டு நின்றது.

மாமா மூச்சு வாங்கக் கர்னாயை நிறுத்தினார். என் உயிர் போய் வந்தது. ஆனால் சுர்னாய்க்காரர் கன்னத்தை உப்பியபடி இழையறாமல் ஊதினார், தோய்ரா படபடவென்று கொட்டியது, மறுபடி கர்னாய் எழுந்தது. முடிச்சுகள் விழுந்த பிறகும் நான் கையை இறக்கவில்லை. தோள் வலித்தது. நீல வெளிச்சம் சுவரைவிட்டுப் போன பிறகுதான் இறக்கினேன்.

மாமா வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஏதோ கேட்டார்.

"இவ்வளவு நேரம் ஏன் பிடிச்சனீங்கள் எண்டு கேக்கிறார்," என்றாள் மகள்.

"நல்லா வாசிச்சினம், அதுதான்," என்றேன்.

இப்போது மகளோடும் மருமகனோடும்தான் இருக்கிறேன். மருமகன் வேலையால் பிந்தினால் மகள் சினந்துகொள்கிறாள். நான் யன்னலடிக்குப் போய்த் தெருவைப் பார்க்கிறேன். அபசகுனம் காதில் விழக்கூடாது என்றுதான் பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். கண்ணைப் பற்றி யாரும் ஒன்றும் சொன்னதில்லை. அன்றைக்கு மகளும் மருமகனும் குனிந்த தலையோடு இருந்தார்கள். வெளிச்சத்தைக் கண்டது நான் மட்டும்தான். அது என்னோடேயே போகட்டும்.