சுகுணாவின் வயிற்றில் நாலு குழாய்

சேலத்துக்கு மேலே மலையில், கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் நல்லமுத்துவுக்குப் பைப் வேலை. மேட்டில் இருக்கும் ஊற்றிலிருந்து தொழிலாளர் லைன் வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுவரும் கறுப்புக் குழாய் முழுவதும் அவர் பொறுப்பு. காட்டெருமை மிதித்து நசுங்கினாலும் சரி, ஜாயின்ட் விட்டுப்போனாலும் சரி, முதலில் அவரைத்தான் தேடுவார்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே குழாய் போடுகிறவர். ஆனால் ஒழுங்காகப் போட்ட குழாயை அவர் ஒருநாளும் பிடுங்கியதில்லை. எதற்குப் பிடுங்க வேண்டும்? இதை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வந்த வம்புக்கெல்லாம் இதுதான் காரணம்.

அவர் மனைவி சுகுணா அதே எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவள். நல்லமுத்து ஒரு வார்த்தை பேசினால் அவள் பத்துப் பேசுவாள், அதனால் அந்த வீட்டில் பேச்சுக்குப் பஞ்சமே வந்ததில்லை. அந்த வாய், போன மழைக்காலத்தில் அடங்கிப்போனது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வலது விலாவுக்குக் கீழே வலி பிடுங்கும். சேலத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். பித்தப்பையில் கல்.

கத்தி என்றதும் சுகுணாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. டாக்டரம்மா சிரித்தபடி, வயிற்றைக் கிழிக்கப் போவதில்லை, நாலு சின்னத் துளைதான் என்றார். நர்ஸ் சுகுணாவை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனதும், மேஜையில் மாதிரிக்கு வைத்திருந்த ஒரு பிளாஸ்டிக் குழாயை எடுத்து நல்லமுத்துவின் கையில் கொடுத்தார்.

“இதுக்கு டிரோக்கார்னு பேருங்க. தொப்புள்கிட்ட ஒண்ணு, மேல மூணு போடுவோம். வயித்துக்குள்ள காஸ் ஏத்தி உப்ப வைப்போம். ஒரு குழாய்ல கேமரா போகும், மத்ததுல கருவி போகும்.”

நல்லமுத்து குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே ஒரு ரப்பர் வாய் தெரிந்தது.

“வால்வுங்களா?”

“ஆமாங்க. கருவிய உள்ள விடும், காஸ வெளிய விடாது.”

“லீக் ஆகாதுங்களா, டாக்டரம்மா?”

“ஆகாதுங்க,” என்று டாக்டரம்மா சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஆபரேஷன் தியேட்டரிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். வேலை முடிந்ததும் அந்தக் குழாய்களை உருவி எடுத்துவிடுவோம் என்பதை அவர் சொல்லவில்லை. அது சொல்ல வேண்டிய விஷயமென்று யாருக்குத்தான் தோன்றும்?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சுகுணாவின் வயிற்றில் நாலு சின்ன பிளாஸ்திரி. நல்லமுத்து எண்ணிப் பார்த்தார். நாலு இடம், நாலு குழாய், கணக்குச் சரி. மறுபடி கல் சேர்ந்தால் அந்த வழியாகவே எடுத்துவிடலாம், நல்ல ஏற்பாடுதான் என்று நினைத்துக்கொண்டார். நடக்கலாம், எல்லாம் சாப்பிடலாம், கனம் மட்டும் தூக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அவர் காதில் கடைசி வார்த்தை மட்டும் விழுந்தது. குழாயைப் பற்றிச் சுகுணாவிடம் மூச்சுக்கூட விடவில்லை. பாவம், தெரிந்தால் பயந்துவிடுவாள்.

புதுக் குழாய் மண்ணில் பிடிக்கும்வரை அதை யாரும் மிதிக்கக் கூடாது, அசைக்கவும் கூடாது. நல்லமுத்துவுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். சுகுணா குனிந்தால் ஓடி வந்து நிமிர்த்தினார். அவள் இருமினால் இவர் முகம் செத்துவிடும். அடுப்படிக்குள் அவளை விடாமல் தானே சோறு வடித்தார், தானே குழம்பு வைத்தார், அந்தக் குழம்பை அவளும் ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டாள். தூக்கத்தில் புரண்டு கை கால் மேலே பட்டுவிட்டால் என்ன ஆவது என்று பாயைத் தூக்கிக்கொண்டு வாசற்படியோரம் படுத்தார். பனி கொட்டுகிற மாசம் அது.

இத்தனை வருஷத்தில் தண்ணீர்ச் சொம்பைக்கூடத் தானே எடுத்துக் குடித்திராத மனுஷன் திடீரென்று இப்படி மாறினால், ஒரு பெண் என்னவென்று நினைப்பாள்? சுகுணா நினைத்துவிட்டாள். அதன்பிறகு அவளுடைய பேச்சே வேறு மாதிரி ஆனது. “ரசத்துக்குப் புளி இத்தனையூண்டு போதுமுங்க, பாத்து வெச்சுக்குங்க,” என்றாள். மிளகாய்த்தூள் எந்த டப்பாவில் இருக்கிறதென்று காட்டினாள். பொங்கலுக்கு எடுத்து இன்னும் கட்டாத சேலையைப் பக்கத்து வீட்டுச் சாந்திக்குக் கொடுத்துவிட்டாள். உடம்பு தேறி மனசும் தாராளமாகிவிட்டது என்று நல்லமுத்து சந்தோஷப்பட்டார்.

தையல் பிரிக்க வரச்சொன்ன நாளில் இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள். கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் நல்லமுத்து முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்து, சுகுணாவின் வயிற்றில் எதுவும் இடித்துவிடாதபடி கையைக் குறுக்கே நீட்டிக்கொண்டார். ஒவ்வொரு வளைவிலும் அவர் உடம்பு முழுதும் விறைத்தது. சுகுணா அந்தக் கையையே கொஞ்ச தூரம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

“ஏனுங்க,” என்றாள். “டாக்டரம்மா உங்ககிட்டத் தனியா ஏதோ சொல்லியிருக்கறாங்க. எனக்குத் தெரியுமுங்க. புத்துநோய்ங்களா?”

நல்லமுத்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “என்ன புள்ள பேசற நீ?”

“பின்ன ஏனுங்க இத்தன பண்றீங்க? எதுவா இருந்தாலும் சொல்லிப்போடுங்க. நம்ம பையன் கல்யாணம் வரைக்குமாச்சும் இருப்பனுங்களா?”

அவள் கண்ணில் நீர் நிறைந்து நின்றது. அவருக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. “அதெல்லாம் ஒண்ணுமில்ல புள்ள. உள்ள குழாய் இருக்குது. நாலு. வால்வு வெச்சது. ஆடிப்போச்சுன்னா லீக் ஆயிருமேன்னுதான் பயந்துட்டிருந்தேன்.”

சுகுணா அவரையே பார்த்தாள். பிறகு தன் வயிற்றைப் பார்த்தாள். அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் அப்போதுதான் உடைந்தது, அழுகையோடு சிரிப்பும் வந்தது.

“அட, குழாய்தானுங்களா? இருந்துட்டுப் போவுதுங்க. அதோடயே பொழைச்சுக்கறனுங்க.”

ஆஸ்பத்திரியில் தையலைப் பிரித்ததும் நல்லமுத்து தயங்கித் தயங்கிக் கேட்டார். “உள்ள இருக்கற குழாய்க்கு எத்தன வருசம் கேரண்டிங்க, டாக்டரம்மா?”

டாக்டரம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிக்கப் போனவர், நல்லமுத்துவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

“அன்னைக்கே உருவியாச்சுங்க. உங்க வீட்டம்மா கண்ணு முழிக்கறதுக்கு முன்னாடியே. அது கருவி போக வர வழி மட்டுந்தான். வேலை முடிஞ்சா அங்க அதுக்கு என்ன வேலை? இப்ப உள்ள குழாயும் இல்ல, கல்லும் இல்ல. காயம் நல்லா ஆறியிருக்கு.”

“ஒண்ணுமே இல்லீங்களா?”

“ஒண்ணுமே இல்லீங்க.”

நல்லமுத்து தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். சுகுணா அவரைப் பார்க்காத மாதிரி சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மலையேறும் பஸ்ஸில் அவளுக்குப் பழைய வாய் திரும்பிவிட்டது. சாந்தியிடம் சேலையை எந்த மூஞ்சியோடு திருப்பிக் கேட்பது, நாளைக்கே கூடையைக் கட்டிப் பழம் பறிக்கப் போகலாமா, அவர் வைத்த குழம்பு இருக்கிறதே, அது குழம்பா என்று பேசிக்கொண்டே வந்தாள். முதல் வளைவு வந்தது. நல்லமுத்துவின் கை தானாக முன்சீட்டுக் கம்பிக்குப் போய், அவளுக்குக் குறுக்கே நின்றது.

சுகுணா பேச்சை நிறுத்தினாள். “இப்பத்தான் உள்ள ஒண்ணுமில்லீங்களே. கைய எடுங்க, நோவப் போவுது.”

“இருந்துட்டுப் போவுது,” என்றார் நல்லமுத்து.

அதற்கப்புறம் வளைவு வரும்போதெல்லாம் அவள் அந்தக் கையின் மேல் சாய்ந்துகொண்டாள்.