ஆட்டோவில் போன தேயிலைப் பெட்டி

முதல் பெட்டியை வாங்கியபோது அது தேயிலைப் பெட்டி என்று எனக்குத் தெரியாது. மருந்துப் பெட்டி என்றுதான் நினைத்தேன். கீழ்பென்னாத்தூரில் ஓர் அரசு சுகாதார நிலையத்தில் நான் மருந்தாளுநர். மாலையில் திருவண்ணாமலை பஸ்ஸுக்காக நிற்கும் இடத்தில் ஒரு பழைய இரும்புக் கடை இருக்கிறது. கல்லாவுக்குப் பக்கத்தில், கருஞ்சிவப்பு மரத்தில் செய்து பூட்டு வைத்த சின்னப் பெட்டி ஒன்று இருந்தது. ஒரு அடி நீளம்கூட இருக்காது. கடைக்காரர் அதில் திருகாணி போட்டு வைத்திருந்தார்.

ஒரு நாள் பஸ் வரத் தாமதமானதால் உள்ளே போய்ப் பார்த்தேன். இரண்டு அறைகள், இரண்டுக்கும் தனித்தனி மூடி, உட்புறம் முழுக்க ஈயத் தகடு, நடுவில் ஏதோ கிண்ணம் இருந்ததற்கான வட்டக் குழி. மாத்திரையில் ஈரம் படாமல் இருக்க யாரோ யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்று தோன்றியது. ஒரே வேலையைச் செய்கிறவர்கள் என்ற பாசத்தில் விலை கேட்டேன். திருகாணிக்கு வேறு டப்பா வாங்கிக் கொடுத்தால் போதும் என்றார். பிளாஸ்டிக்கில் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஊர் வந்தேன்.

வீட்டில் போனில் படம் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வெள்ளைக்காரர்கள் ஊரில் தேயிலை விலை ஜாஸ்தியாக இருந்த காலத்தில், வேலைக்காரர்கள் எடுத்துவிடக் கூடாது என்று அதை இந்த மாதிரிப் பெட்டியில் பூட்டி வைத்தார்களாம். ஒரு அறையில் பச்சைத் தேயிலை, மற்றதில் கறுப்பு. சாவி எப்போதும் வீட்டு அம்மாவின் கையில் இருக்குமாம். மருந்து அலமாரியின் சாவியை இருபத்தாறு வருஷமாக இடுப்பில் செருகிக்கொண்டு திரியும் எனக்கு அந்த அம்மாவைப் பிடித்துப்போனது. எங்கள் வீட்டில் காபிதான் குடிப்போம் என்பது ஒரு தடையாகத் தோன்றவில்லை. சாவி இல்லாத அந்தப் பூட்டுக்குத் தேடிப்பிடித்து ஒரு சாவி செய்து போட்டேன்.

அடுத்த நான்கு வருஷத்தில் அதையும் சேர்த்து ஏழு பெட்டிகள் ஆயின. ஆங்கிலத்தில் இந்தப் பெட்டியைக் 'கேடி' என்பார்கள். நம் ஊரில் அந்தச் சொல் போலீஸ் ஸ்டேஷன் சுவரில் போட்டோ ஒட்டப்பட்டவர்களுக்கு உரியது. என் கணவர் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும், "உக்காருங்க, எங்க வீட்ல ஏழு கேடி இருக்காங்க, பயப்படாதீங்க" என்பார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொன்னதில்லை.

பெட்டியோடு நிற்கவில்லை. தேரடி வீதியில் ஒரு வெள்ளிக் கடைக்காரர், உருக்குவதற்கு வரும் பழைய வெள்ளியில் இன்னதென்று விளங்காத சாமான் எதுவும் இருந்தால் எனக்கு போன் செய்வார். ஏற்காட்டில் துரை வீடுகளில் சமையல் வேலை பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் கொண்டுவந்து போட்டவை. தேயிலை அள்ளச் சிப்பி வடிவத்தில் ஒரு கரண்டி, டீ வடிகட்டி இரண்டு, சர்க்கரைக் கட்டி எடுக்க ஓர் இடுக்கி. அந்த இடுக்கியைப் பார்த்த என் நாத்தனார் இது புருவம் திருத்தவா என்று கேட்டார். நான் சரியான பதிலைச் சொன்னேன். புருவம் என்றே வைத்துக்கொண்டிருக்கலாம் என்று அவர் முகத்தைப் பார்த்தபின் தோன்றியது.

இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் பக்கத்து வீட்டு மாடிக்கு ஒரு வெள்ளைக்கார அம்மா குடிவந்தார். எழுபது வயதை நெருங்கியவர். இங்கிலாந்தில் இருந்த வீட்டையும் சாமான்களையும் விற்றுவிட்டு, மலையைப் பார்த்துக்கொண்டு மிச்ச நாளைக் கழிக்க வந்திருந்தார். இரண்டு பருத்திப் புடவை, ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு பாய். அவ்வளவுதான் சொத்து. தமிழில் அவர் முதலில் கற்றுக்கொண்ட சொற்கள் 'போதும்', 'வேண்டாம்' இரண்டும்தான். மற்றதையெல்லாம் ஆங்கிலத்தில்தான் பேசினார்; நான் தமிழில் எழுதுகிறேன்.

பிரஷர் மாத்திரையை வெறும் வயிற்றில் போடலாமா என்று கேட்க ஒரு வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தார். கூடத்தில் கண்ணாடி அலமாரி இருந்தது. அதைப் பார்த்தவர் மாத்திரையை மறந்துவிட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரிந்து பார்க்கும் ஆளை அன்றுதான் முதலில் கண்டேன். முதல் பெட்டியை எடுத்துக் கையில் கொடுத்தேன். மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். தன் அம்மா வீட்டில் இதே மாதிரி ஒன்று இருந்ததென்றும், புறப்படுவதற்கு முன் அதைத்தான் கடைசியாக விற்றதாகவும் சொன்னார். பிறகு, "அதன் மேல் இப்போது ஆசை ஒன்றும் இல்லை" என்றார். ஒன்றும் இல்லாதவர் அடுத்த வியாழனும் வந்தார். அதற்கடுத்த வியாழனும் வந்தார். காபி கொடுத்தால் வேண்டாம் என்பார். பெட்டியை அரை மணி நேரம் மடியில் வைத்திருந்துவிட்டுப் போவார்.

போன வருஷம் மழைக்காலத்தில் அவருக்குக் கடுமையான காய்ச்சல். கஞ்சி வைத்து எடுத்துப் போனேன். மூன்றாம் நாள், பெட்டியைக் கொஞ்சம் பாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்க முடியுமா என்று மெல்லக் கேட்டார். வைத்தேன். காய்ச்சல் இறங்கியதும் பித்தளைப் பூட்டைப் பளபளவென்று துடைத்து அவரே கொண்டுவந்து கொடுத்தார். ஒரு வாரம் பெட்டி இல்லாமல் அலமாரியில் அந்த இடம் காலியாக இருந்ததை நான் ஏழெட்டு முறையாவது பார்த்திருப்பேன். இருந்தாலும் அவர் அதைத் திருப்பிக் கொடுத்த விதத்தைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"வேண்டாம்" என்றார். மூன்று நாள் கழித்து வந்து, நான் சொன்னது இன்னும் அப்படியே இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். எடுத்துக்கொண்டு போனார்.

என் பொருள்களிலேயே எனக்கு மிகவும் பிடித்ததைக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. பன்னிரண்டு நாள் இருந்தது அந்தப் பெருமை.

பதின்மூன்றாம் நாள் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கையில் காய்கறிப் பை இருந்ததால் ஆட்டோவில் ஏறினேன். ஹேண்டில்பாருக்கு முன்னால், பிள்ளையார் சிலைக்குப் பக்கத்தில் என் பெட்டி இருந்தது. இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பால் ஒட்டியிருந்தது.

"ஏம்ப்பா, இந்தப் பெட்டி ஏது?" என்று கேட்டேன்.

"வெள்ளைக்கார அம்மா குட்த்தாங்க மேடம். தெனம் நான்தான் கோயிலுக்கு இட்டுனு போறேன். இந்தா வெச்சிக்கன்னு குட்த்துட்டாங்க. ஆர்.சி. புக்கு, இன்சூரன்ஸ் எல்லாம் கரெக்டா ரெண்டு ரூம்புலயும் அடங்கிடுது."

நான் வீட்டுக்குள் போகவில்லை. காய்கறிப் பையோடு நேரே பக்கத்து மாடிக்குப் போனேன். அவர் பாயில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். காலையில் தியானத்துக்கு உட்கார்ந்து கண்ணை மூடினால் பெட்டிதான் தெரிகிறது, ஐயாயிரம் மைல் வந்தது அதற்கில்லை, அதனால் கொடுத்துவிட்டேன் என்றார்.

"என்கிட்டயே குடுத்திருக்கலாமே?"

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "உங்களிடம் இருந்தால் நான் வியாழக்கிழமை வந்துவிடுவேன்."

பொய் சொல்லவில்லை. அதனாலேயே கோபம் அதிகமானது. உங்கள் துறவுக்கு என் பெட்டிதான் கிடைத்ததா என்று கேட்க நினைத்தேன். அதற்கான ஆங்கிலம் அந்த நேரத்தில் வரவில்லை. இறங்கி வந்துவிட்டேன். ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

அந்த ஒரு மாதமும் நான் தினமும் காலையில் அந்த ஆட்டோவில்தான் பஸ் ஸ்டாண்டு போனேன். நடந்தால் பன்னிரண்டு நிமிஷம் ஆகும் தூரம். இரண்டாம் நாள், பெட்டியில் வெயில் படுகிறது, துண்டு போட்டு மூடுங்கள் என்று டிரைவரிடம் சொன்னேன். மூடினார். நான்காம் நாள் ஈரத்துணியால் துடைக்கக் கூடாது என்று சொன்னேன். சரி என்றார். அடுத்த வாரம் அவராகவே, வண்டியைக் கழுவும்போது பெட்டியை எடுத்து வீட்டுக்குள் வைத்துவிடுவதாகச் சொன்னார். நாற்பது வயது இருக்கும், அடி அண்ணாமலைக்காரர், நல்ல மனிதர். என்னைப் பற்றி என்ன நினைத்தார் என்று தெரியவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வாசலில் ஹார்ன் சத்தம். வெளியே வந்தால் அதே ஆட்டோ. பின்சீட்டில் அந்த அம்மா. டிரைவர் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மேடம், பௌர்ணமி கூட்டத்துல சாவி எங்கியோ வுழுந்துடுச்சி. இன்னிக்கி வண்டிக்கி எப்.சி. காட்டணும், புக்கு உள்ளாற கீது. அம்மாவ கேட்டா ஒங்ககிட்ட போலாம்னாங்க." அவருடைய இன்னொரு கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. ஒன்பதரைக்குள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும், வேறு வழியில்லை என்றால் நெம்பிவிடலாம் என்றார்.

"வேண்டாம்" என்று அந்த அம்மாவும் நானும் ஒரே நேரத்தில் சொன்னோம். ஒரு மாதத்துக்குப் பிறகு நாங்கள் பேசிய முதல் வார்த்தை.

பெட்டியைக் கூடத்து மேஜையில் வைத்தோம். மற்ற பெட்டிகளின் சாவிகளை எடுத்துவந்தேன். இரண்டுக்குச் சாவி கிடையாது, ஆக நான்கு இருந்தன. முதல் சாவி உள்ளேயே போகவில்லை. இரண்டாவது போய்ச் சும்மா சுற்றியது. மூன்றாவது மாட்டிக்கொண்டது; அதை வெளியே எடுப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. என் கணவர் கடையிலிருந்து கம்பி கொண்டுவரவா என்று கேட்டார். நான்காவது சாவியை அந்த அம்மா என் கையிலிருந்து வாங்கினார். அவசரப்படாமல், காதைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திருப்பினார். டக்கென்று திறந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டார். நானும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். டிரைவர் உள்ளேயிருந்து ஆர்.சி. புத்தகத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பிறகு காகிதங்களையெல்லாம் எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார். "இந்த வம்பே வேணாம் மேடம். நீங்களே வெச்சிக்கங்க" என்று பெட்டியை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நீட்டினார்.

அந்த அம்மா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். நான் கை நீட்டியிருக்கலாம். முப்பது நாளாக அதற்காகத்தான் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். ஆனால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவர் எதிரில் என் கையை நீட்ட வெட்கமாக இருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். டிரைவரும் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அப்ப நானே வெச்சிக்கறேன், நேரமாவுது" என்று பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். சாவியும் அதிலேயே போனது. இப்போது என்னிடம் சாவி இல்லாத பெட்டிகள் மூன்று.

அந்த அம்மா போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். காபி கொடுத்தேன், குடித்தார். கோபமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, இப்போது கம்மிதான் என்றேன். தனக்கும் இன்னும் கண்ணை மூடினால் பெட்டிதான் தெரிகிறது, இப்போது ஆட்டோவும் சேர்ந்து தெரிகிறது என்றார். அவர் சிரிக்காமல்தான் சொன்னார். எனக்கு அடக்க முடியவில்லை.

வண்டிக்கு எப்.சி. கிடைத்துவிட்டது. அந்த சந்தோஷத்தில் டிரைவர் எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனோம். பெட்டியை டி.வி.க்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். டேப் ஒட்டிய இடத்தில் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்துக் கறையை எடுத்திருந்தார் அவர் மனைவி. ஒரு அறையில் வளையல்கள், மறு அறையில் குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ்கள். நடுக் குழியில் ஒரு குங்குமச் சிமிழ் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. சாவியை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். தாலிக்கயிற்றில் இருந்த ஊக்கைக் காட்டினார், அதில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்ததைவிடப் பெட்டி இங்கே கொஞ்சம் நிமிர்ந்து நிற்பதுபோலத்தான் பட்டது.

போன மாதம் வெள்ளிக் கடைக்காரர் போன் செய்தார். ஒரு சர்க்கரைக் கிண்ணம் வந்திருக்கிறது, காலில் சிங்க பாதம் வைத்தது என்றார். அந்த அம்மா தானும் வருவதாகச் சொன்னார். சும்மா பார்க்க மட்டும் என்றார். கடையில் கிண்ணத்தைத் திருப்பி, அடியில் இருந்த முத்திரையைப் பார்த்தார். விளிம்பை விரலால் தடவினார். என் பக்கம் திரும்பி, இது வெள்ளி இல்லை, செம்பின் மேல் பூசிய முலாம் என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். கடைக்காரருக்கு அந்த அளவு ஆங்கிலம் தெரிந்திருந்தது. கிண்ணத்தை வாங்கி உரசிப் பார்த்தார். இரண்டாம் முறையும் உரசிப் பார்த்தார்.

"மேடம்," என்றார் என்னிடம், "அடுத்த வாட்டி நீங்க மட்டும் வாங்க."

பிறகு கிண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே குரல் கொடுத்து அந்த அம்மாவுக்கு ஒரு ஸ்டூல் கொண்டுவரச் சொன்னார். காலையில் வந்த இன்னொரு மூட்டையை அவிழ்த்து, அவர் முன்னால் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கத் தொடங்கினார்.