ஷெர்காஸி வண்டியை நிறுத்துகிறார்

எச்சில் தொட்ட ஆட்காட்டி விரலைத் தலைக்கு மேல் தூக்கி, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்க்கிறார் ஷெர்காஸி. பார்த்துவிட்டு வண்டியைப் பின்னுக்கு எடுத்து, மூக்கைக் காற்றுக்கு நேராகத் திருப்பி, மர நிழலில் நிறுத்துகிறார். உடனே அணைப்பதில்லை. இரண்டு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, இறங்கி, பானெட்டைத் தூக்கிக் குச்சியை முட்டுக் கொடுக்கிறார். அதற்குப் பிறகுதான் எதிரே நிற்கிறவருக்கு சலாம். கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் இதுதான் வரிசை.

“நான் செத்துக் கெடந்தாலும் மொதல்ல பானெட்டத் தூக்கிட்டுத்தான் அழ வருவாரு” என்பார் அவர் மனைவி புருல்சா. முப்பத்தொரு வருஷம் குடித்தனம் பண்ணியவர் சொன்னால் நம்பத்தான் வேண்டும்.

எங்கள் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து கணவாய் ஏறி சூசாமிர் மேய்ச்சல் வெளிக்குப் போகும் ஷேர் டாக்சி அவருடையது. ஜப்பானில் ஓடிக் களைத்து இங்கே வந்து சேர்ந்த பழைய டர்போ வண்டி. இஞ்சினுக்குள் டர்போ அழுத்தி அனுப்பும் காற்றை ஆறவைக்கிற இன்டர்கூலர், அதில் இஞ்சினுக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கிறது. ஓடும்போது பானெட்டிலுள்ள வாய் வழியே காற்று வந்து அதைக் குளிர்விக்கும். நின்றால் போச்சு, கீழிருந்து சூடு ஏறிக் காய்ச்சிவிடும். மறுபடி கிளப்பினால் வண்டிக்கு உயிரே இருக்காது.

“காத்தும் பாலும் ஒண்ணுதாங்க. சூடானா பொங்கும். பாத்திரம் ரொம்புன மாதிரி இருக்கும், உள்ள சரக்கு இருக்காது” என்று ஏறுகிற பயணி ஒவ்வொருவருக்கும் பாடம் நடக்கும். ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு குட்டி வெப்பமானி ஒட்டியிருக்கிறார். அதன் ஒயர் உள்ளே காற்றுக் குழாய் வரை போகிறது. நலம் விசாரித்தால் அதைப் பார்த்துத்தான் பதில் சொல்வார். “நாப்பத்திரண்டு. நல்லாருக்கோம்.”

ஒரு கோடையில் புருல்சாவின் கல்யாணச் சீர்க் கம்பளத்தில் ஒரு முழம் காணாமல் போனது. ஷெர்காஸிதான் வெட்டிக் காற்றுக் குழாய்க்குச் சுற்றியிருந்தார். அதுவரை சரி. மிச்சத் துண்டை இன்டர்கூலருக்கும் போர்த்திவிட்டார். கம்பளிக் கூடாரம் வெயிலில் உள்ளே குளுகுளுவென்று இருக்கிறதே, அந்தக் கணக்கு. காய்ச்சல்காரனுக்குப் போர்வை போர்த்திய கதையாயிற்று. முதல் ஏற்றத்திலேயே வண்டி படுத்துவிட, பயணிகள் நாலு பேரும் இறங்கித் தள்ளினார்கள்.

எதற்கு எதை வெட்டினாலும் தன் கல்பாக்கை மட்டும் தொடவிடமாட்டார். எங்கள் ஆண்கள் போடும் வெள்ளைக் கம்பளித் தொப்பி அது. கீழே வைக்கக் கூடாது, கைமாற்றிக் கொடுக்கக் கூடாது. ஷெர்காஸி அதைக் கழற்றுவதே இல்லை என்பதால் அவர் தலையில் முடி உண்டா இல்லையா என்பது ஊரில் பலருக்குத் தெரியாது.

போன ஜூலையில் பேரன் எர்னிஸுக்குக் காலில் கறுப்பு வெள்ளைக் கயிறு கட்டி அறுக்கும் சடங்கு வந்தது. நடை பழகும் பிள்ளைக்குச் செய்வது. அறுக்கிறவரைப் போலத்தான் பிள்ளை நடக்கும் என்பது எங்கள் நம்பிக்கை. ஷெர்காஸியும் அறுக்கக் கேட்டார், சம்பந்தி ஓமுர்ஸாக்கும் கேட்டார். சம்பந்தி மாட்டு டாக்டர், வாய்த் துடுக்கு அதிகம்.

“நீங்க அறுத்தா பையன் எங்கங்க நடப்பான்? உங்களாட்டம் உக்காந்தேதான் இருப்பான்.”

“நீங்க அறுத்தா மாட்டு வாலுக்குப் பின்னாடியே நடப்பானாக்கும்” என்று ஷெர்காஸி திருப்பிக் கொடுத்தார். ஆனால் அந்தப் பேச்சு அவருக்கு உறைத்துவிட்டது. அன்று சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்துவிட்டார்.

“சடங்கு மேய்ச்சல் வெளியில நம்ம கூடாரத்துலதான். அங்க யாரு மொதல்ல வர்றீங்களோ அவங்க அறுங்க” என்று மருமகள் தீர்ப்புச் சொன்னாள். ஷெர்காஸிக்கு உள்ளூரச் சிரிப்பு. சம்பந்தியின் ஜீப் புதுசு, பெரிசு. ஆனால் டர்போ கிடையாது. மலைமேல் காற்று மெலியும்போது அது மூச்சு வாங்கும். தன் வண்டிக்கு ஒரே எதிரி சூடுதான். அது சம்பந்திக்கும் தெரியும் என்பதை அவர் யோசிக்கவில்லை.

சடங்கன்று உச்சிவெயிலில் இரண்டு வண்டிகளும் கணவாய்க்கு முந்தின ஊரான காரா-பால்தாவில் கிளம்பின. புருல்சாவை ஏற்றிக்கொண்டு டர்போ முன்னால் பறந்தது. கணவாய் அடிவாரத்தில் சம்பந்தியின் அக்கா சைராகுல் தட்டில் ரொட்டியோடு நடுரோட்டில் நின்றார். ரொட்டி நீட்டினால் ஒரு துண்டாவது வாயில் போடாமல் போகிறவன் இன்னும் பிறக்கவில்லை.

“ஒரு வாய் போட்டுட்டுக் கெளம்பறேன் அக்கா.”

“அதெப்படி, இதோ டீ போட்டுடறேன். புருல்சா, உள்ள வாடி.”

நிழல் இல்லை, காற்று இல்லை, தார் ரோடு. பானெட்டைத் தூக்கிவிட்டு உள்ளே போனவர் இரண்டு மடக்கு டீ குடித்துவிட்டு எழுந்தார். வெப்பமானி எழுபத்தொன்று காட்டியது. இன்டர்கூலருக்குத் தெளிக்க எப்போதும் வைத்திருக்கும் தண்ணீர் கேனைத் தேடினார்.

“அதா? எங்க வீட்ல தண்ணி தீந்துபோச்சு. அதை எடுத்துத்தான் டீ போடற சமோவார்ல ஊத்தினேன். டீ நல்லாருந்துச்சுல்ல?” என்றார் சைராகுல். அந்த நேரம் பார்த்து சம்பந்தியின் ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டே கடந்து போனது.

ஷெர்காஸி ஜீப்பைப் பார்த்தார். சாலைக்குக் கீழே ஓடும் பனி ஓடையைப் பார்த்தார். பிறகு தலையில் கை வைத்து, கல்பாக்கைக் கழற்றினார். “ஐயையோ, என்னங்க இது!” என்று புருல்சா அலறியதை அவர் கேட்கவில்லை. தொப்பி நிறையத் தண்ணீர் மொண்டு ஓடி வந்து ஊற்றினார். பாதி வழியிலேயே ஒழுகியது. ஏழு நடை நடந்தார். முகம் செங்கல் நிறம், உச்சந்தலை உரித்த முட்டை. வெப்பமானி முப்பத்தெட்டுக்கு இறங்கியதும் ஈரத் தொப்பியை இஞ்சினுக்கும் இன்டர்கூலருக்கும் இடையில் திணித்து, பானெட்டை அறைந்து சாத்தினார்.

எட்டாவது வளைவில் ஜீப் முக்கிக்கொண்டிருந்தது. டர்போ அதைத் தாண்டியபோது புருல்சாவே கைதட்டிவிட்டார்.

கூடாரத்துக்கு முன்னால் வண்டி எப்படி நின்றதோ அப்படியே விட்டார். விரலைத் தூக்கவில்லை, இரண்டு நிமிடம் ஓடவிடவில்லை. இறங்கி ஓடினார். காலில் கயிற்றோடு நின்ற எர்னிஸ் அந்த வெள்ளை மண்டையைக் கண்டான். வீலென்று கத்தி அம்மாவின் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்தான். கிட்டப் போகப் போகக் கத்தல் ஏறியது.

“தொப்பிங்க! தொப்பி! புள்ளைக்கு உங்களை யாருன்னே தெரியல!” என்றார் புருல்சா.

சரிவில் ஜீப்பின் புழுதி தெரிந்தது. கத்தி கைக்கெட்டும் தூரத்தில் விரிப்பின்மேல் இருந்தது. ஷெர்காஸி புழுதியைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். திரும்பி வண்டிக்கு ஓடினார். பானெட்டைத் தூக்கி, குச்சியைப் பாதி மாட்டியும் மாட்டாமலும் விட்டு, தொப்பியை உருவினார். ஆவி பறந்தது. ஒரு பக்கம் ஆயில் கறை. அப்படியே தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தார்.

சம்பந்தி அதற்குள் இறங்கிக் கத்திக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். ஆனால் எடுக்கவில்லை.

“உக்காந்தே இருப்பான்னு சொன்னேன்” என்றார் ஓமுர்ஸாக். “இந்த ஓட்டம் ஓடுறீங்க. அறுங்க, அறுங்க.”

பிள்ளை விம்மிக்கொண்டே தாத்தாவின் தொப்பிக்குக் கை நீட்டினான். ஷெர்காஸி மண்டியிட்டார். சுடுதண்ணீர் நெற்றியில் வழிந்து மூக்கு நுனியிலிருந்து கயிற்றின்மேல் சொட்டியது. பின்னால் முட்டுக்குச்சி நழுவி, தடாலென்று பானெட் மூடிக்கொண்டது. அவர் திரும்பிப் பார்க்காமல் கயிற்றில் கத்தியை வைத்தார்.