மொய் விருந்தில் வாங்கிய நெஞ்சு

என் நெஞ்சைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று முதன்முதலில் விசாரித்தபோது, ஒரு தனியார் மருத்துவமனையின் வரவேற்பில் இருந்த பெண் சிரித்த முகத்தோடு ஒரு தொகையைச் சொன்னார். அந்தப் பணத்துக்கு எங்கள் ஊர்ப் பக்கம் ஓரளவு நன்றாக ஓடும் பழைய டிராக்டர் ஒன்று வாங்கலாம். டிராக்டர் என்றால் கடன் கொடுக்க ஆள் இருக்கிறது. நெஞ்சுக்கு யார் கொடுப்பார்கள்? தவணை தவறினால் ஜப்தி செய்ய முடியாதே.

நான் திருநம்பி. பெண் குழந்தை என்று பதிவு செய்யப்பட்டு, இல்லை என்று எனக்குத் தெரிந்து, அதை மற்றவர்களுக்குத் தெரிவிப்பதிலேயே இளமையைச் செலவழித்தவன். ஊர் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, கடைமடை. கல்லணையில் தண்ணீர் திறந்த செய்தி பேப்பரில் வந்து, அந்தப் பேப்பரில் வடை மடித்துக் கொடுத்து முடிந்த பிறகுதான் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வரும். அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டார். அம்மாவும் கொஞ்சம் நெல் வயலும் எஞ்சின. அதோடு, எல்லாவற்றுக்கும் கருத்துச் சொல்ல ஒரு தாய்மாமனும்.

டிப்ளமோ முடித்ததும் தஞ்சாவூரில் ஒரு செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். சம்பளத்தில் அறை வாடகை, சாப்பாடு போக மிச்சமிருந்ததை ஹார்மோன் ஊசி தின்றது. குரல் உடைந்தது. மீசை அரும்பியது. "தம்பி, டிஸ்பிளே போயிடுச்சு, பாருங்க" என்று கடைக்கு வருகிறவர்கள் சொல்லும்போது, உடைந்த கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்பேன், முதலாளி முறைப்பார். ஆனால் நெஞ்சு மட்டும் ஊசியின் பேச்சைக் கேட்கவில்லை. அதை இறுக்கிக் கட்டும் உள்சட்டையை மாட்டிக்கொண்டு சித்திரை வெயிலில் பஸ்ஸுக்கு நிற்பது எப்படி இருக்கும் என்றால், நெல் மூட்டையைத் தைத்த பிறகு உள்ளே ஒரு ஆள் மாட்டிக்கொண்டது போல இருக்கும்.

அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். நேரில் சொல்லத் தைரியம் இல்லை. நீளமாகப் பேசி முடித்தேன். பிறகு அம்மா சொன்னாள்: "இதையெல்லாம் போன்லயா சொல்லுவாங்க? இங்க டவர் வேற சரியில்ல. பாதிதான் கேட்டுச்சு." மீதிப் பாதியை அவள் கேட்கவே இல்லை. அடுத்த முறை ஊருக்குப் போனபோது என் மீசையைப் பார்த்தாள், தோசை ஊற்றினாள். அவ்வளவுதான் எங்கள் வீட்டுப் பேச்சுவார்த்தை.

அரசாங்கத்தில் இலவசமாகவே செய்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். கேட்டதும் மனசு துள்ளியது. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எது, எங்கே என்பது வேண்டாம். எல்லா அலுவலகத்திலும் அதே மின்விசிறிதான் சுற்றுகிறது. அங்கே இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சொல்லுங்க தம்பி."

"சார், நான் ட்ரான்ஸ். ஆபரேஷனுக்கு உதவி கிடைக்கும்னாங்க."

அவர் முகம் இளகியது. "தாராளமா. ஆனா ஒண்ணு. இப்படிப் பேண்ட் சட்டையில மீசையோட வந்தா எப்படி? புடவை கட்டிட்டு வந்தாதானே டாக்டரும் நம்புவாரு?"

"இல்ல சார், நான் ஆணா மாறுறவன்."

"அதான் ஏற்கெனவே ஆம்பளையா இருக்கீங்களே! அப்புறம் எதுக்கு ஆபரேஷன்?"

அவரிடம் நான் அரை மணி நேரம் விளக்கினேன். அவர் கெட்டவர் இல்லை. டீ வாங்கிக் கொடுத்தார். ஆனால் பெண்ணாகப் பிறந்த ஒருவர் ஆணாக ஆக முடியும் என்பதை அவர் மனசு ஏற்கவே இல்லை. கடைசியில், "எதுக்கும் மேலிடத்துல கேட்டுச் சொல்றேன்" என்றார். மேலிடம் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. பேருந்தில் திரும்பும்போது எனக்கு அழுகையும் வந்தது, பெருமையாகவும் இருந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக ஓர் அரசு ஊழியர் என்னை ஆண் என்று உறுதியாக நம்பினார். அந்த நம்பிக்கையாலேயே எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

அடுத்து இணையத்தில் நிதி திரட்டினேன். தெரிந்த தோழர் ஒருவர் எழுதிக் கொடுக்க முன்வந்தார். என் படத்தைக் கேட்டார்; அனுப்பினேன். "இதுல நீங்க சிரிக்கிறீங்களே. கொஞ்சம் சோகமா ஒண்ணு இல்லையா?" என்றார். சோகமாக எடுத்து அனுப்பினேன். "கண்ணுல இன்னும் நம்பிக்கை தெரியுது" என்றார். இருட்டான மூலையில் உட்கார்ந்து, அலுவலகத்து மின்விசிறியை நினைத்துக்கொண்டு இன்னொன்று எடுத்தேன். அது பிடித்துப்போனது. நிறையப் பேர் பகிர்ந்தார்கள். கும்பிடும் கைகள், இதயங்கள், 'நீங்கள் ஒரு போராளி' என்ற வாழ்த்துகள் எல்லாம் வந்து குவிந்தன. பணமும் வந்தது, மருத்துவமனைக்குப் போய்வரும் பேருந்துச் செலவுக்கு. ஒருவர் ஒரு ரூபாய் அனுப்பி, உங்கள் கணக்கு நிஜமானதுதானா என்று சோதித்தேன் என்று எழுதியிருந்தார். சோதனை வெற்றி. அதற்குப் பிறகு அவரிடமிருந்து தகவல் இல்லை.

வேறு வழியில்லாமல் மாமாவிடம் போனேன். மாமா ஏழை இல்லை. தென்னந்தோப்பு, நெல், ஊருக்குள் மரியாதை எல்லாம் இருந்தது. நான் வயதுக்கு வந்தபோது பட்டுக்கோட்டைச் சாலையில் என் படத்தைப் பெரிதாகப் போட்டு ஃப்ளெக்ஸ் வைத்தவர் அவர்தான். அந்தப் பருவத்தில் என் வாழ்வின் மிகப் பெரிய துக்கத்தை ஊர் முழுக்கப் பார்க்கும்படி அச்சடித்துக் கட்டினார். பழம், இனிப்பு, புடவை என்று சீர்த்தட்டுகள் மினி லாரியில் வந்தன.

நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் மாமா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். அவருக்கு வேறு கவலை.

"அப்ப நான் செஞ்ச சடங்குச் சீரு?"

"என்ன மாமா?"

"அதை எந்தக் கணக்குல சேக்குறது? பொண்ணுன்னு நம்பித்தானே செஞ்சேன்? வெள்ளித் தட்டு வேற."

"எனக்கும் அப்ப வேற வழி தெரியல மாமா."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

பதின்மூன்று வயதில், பட்டுப்பாவாடையோடு நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டிருந்த நான், மாமா நிறுத்துங்க, தட்டைத் திருப்பி லாரியில ஏத்துங்க என்று சொல்லியிருக்க வேண்டும் என்று அவர் உண்மையாகவே நினைத்தார். பணம் தரவில்லை. ஒரு குலை இளநீர் வெட்டிக் கொடுத்தார். அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அம்மா வாசலில் நெல் உலர்த்திக்கொண்டிருந்தாள். மாமா சொன்னதைச் சொன்னேன். அவள் காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே கேட்டாள்.

"நீ கல்யாணம் பண்ணிக்க மாட்டதானே?"

"அம்மா, இப்ப அதுவா பேச்சு?"

"அதுதான் பேச்சு. நான் இத்தனை வருஷமா ஊரு ஊரா போயி மொய் எழுதியிருக்கேன். உன் கல்யாணத்துல எல்லாம் திரும்பி வரும்னு இருந்தேன். நீ பண்ணிக்க மாட்டேன்னா என் காசு எப்படி வரும்?"

எங்கள் பக்கத்து வழக்கத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். வீட்டில் கல்யாணம் காட்சி எதுவும் இல்லாவிட்டாலும், ஆடி ஆவணியில் பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு, மொய் விருந்து வைக்கலாம். நாம் முன்பு யாருக்கெல்லாம் மொய் போட்டோமோ அவர்கள் வந்து திருப்பிப் போடுவார்கள், கொஞ்சம் கூட்டியே போடுவார்கள். கூட்டியதை அவர்கள் வீட்டு விருந்தில் நாம் திருப்ப வேண்டும். யாரும் யாருக்கும் தானம் செய்வதில்லை. ஆனால் மொத்தமாகப் பணம் தேவைப்படுகிறவர் கைக்கு மொத்தமாக வரும். அதை வைத்து வீடு கட்டியவர்கள் உண்டு, வெளிநாடு போனவர்கள் உண்டு. நெஞ்சை எடுத்தவர்கள் யாரும் அதுவரை இல்லை.

நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து போட்ட பந்தலில் அம்மா எங்கள் வீட்டையும் சேர்த்துவிட்டாள். பிறகு ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடைக்கு என்னை அழைத்துப் போனாள். கணினியின் முன் இருந்தவர் அம்மாவின் பெயரைத் தட்டிவிட்டு, அடுத்து என்ன என்று நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். எங்கள் குடும்பத்தை அவருக்குத் தெரியும். ஒரே பெண் என்றும் தெரியும்.

"மகள்னு போடவா அத்தை..." என்று இழுத்தார்.

நான் தரையைப் பார்த்தேன். அம்மா யோசிக்கவே இல்லை.

"மகன்னு போடு. இப்ப வெச்சிருக்கிற பேரைப் போடு. சொல்லுப்பா உன் பேரை."

சொன்னேன். நான் தேர்ந்தெடுத்த பெயரை அம்மா அதுவரை ஒருமுறை கூடக் கேட்டதில்லை. அப்படி ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. வெளியே வந்ததும், "ஏம்மா அப்படிப் போடச் சொன்ன?" என்று கேட்டேன். ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

"மகள்னு போட்டா மாப்பிள்ளை யாரு, எப்பக் கல்யாணம்னு ஆயிரம் கேள்வி கேப்பானுங்க. மகன்னு போட்டா சோத்தைத் தின்னுட்டு மொய்ய எழுதிட்டுப் போயிடுவானுங்க."

விருந்தன்று வேட்டி கட்டி, சட்டைக்குள்ளே நெஞ்சை இறுக்கிக்கொண்டு பந்தல் வாசலில் நின்று எல்லோரையும் கும்பிட்டேன். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு பெரியம்மா என் கன்னத்தைத் தொட்டு, தாடி நிஜமா என்று லேசாக இழுத்துப் பார்த்தாள். ஒருவர் இலையில் உட்கார்ந்துகொண்டு, இதெல்லாம் காலத்தின் கோலம் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அடுத்த வார்த்தையாக இன்னும் இரண்டு கரண்டி கறி கேட்டார். என் வாழ்க்கையை ஒப்புக்கொள்ளாதவர்களில் யாரும் சோற்றை ஒதுக்கவில்லை.

மாமா வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். வெள்ளை வேட்டி சட்டையில், நேராக மொய் எழுதும் மேசைக்குப் போனார். ஒலிபெருக்கியில் தாய்மாமன் என்று அறிவித்தார்கள். அவர் எழுதிய தொகையைக் கேட்டு அம்மாவே திரும்பிப் பார்த்தாள். கேட்டபோது கொடுக்காதவர் எப்படி எழுதினார் என்று எனக்குப் புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்தது. "தனியா கேட்டா குடுப்பாரா? மைக்கில வருதுன்னா குடுப்பாரு" என்றாள்.

வந்த பணம் ஆபரேஷனுக்குப் போதுமானதாக இருந்தது. இணையத்தில் வந்தது போக்குவரத்துக்கும் என் சம்பளம் மருந்துக்கும் ஆயிற்று. ஆபரேஷனுக்கு முன் கேட்கிற மனநல மருத்துவரின் சான்றை வாங்கப் போனபோது அவர் ஒரே ஒரு கேள்விதான் சங்கடமாகக் கேட்டார்: "பின்னாடி வருத்தப்பட மாட்டீங்களே?" முந்நூறு குடும்பத்திடம் மொய் வாங்கியவன் வருத்தப்பட முடியுமா டாக்டர் என்று கேட்க வாயெடுத்து, சிரிப்பாகிவிடும் என்று அடக்கிக்கொண்டேன்.

ஆபரேஷனுக்கு அம்மாதான் துணைக்கு வந்தாள். மயக்கம் தெளிந்தபோது நெஞ்சின் மேல் பாறையை வைத்தது போல் வலித்தது. இரண்டு பக்கமும் குழாய், அதன் முனையில் இரத்தம் வடிகிற டப்பா. அவற்றை ஒரு துணிப்பையில் போட்டு என் தோளில் மாட்டி, அம்மா கழிப்பறைக்குக் கூட்டிப் போனாள். கட்டுப் பிரித்த நாளில் நர்ஸுக்கு முன்னால் அவள்தான் குனிந்து பார்த்தாள். நான் கண்ணைத் திறக்கப் பயந்து படுத்திருந்தேன்.

"நல்லாத்தான் தச்சிருக்கான்" என்றாள். "உன்னைப் பெத்தப்ப எனக்குத் தச்சதைப் பாத்தா சாக்கு தச்ச மாதிரி இருக்கும்."

அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். வர வெகு நேரம் ஆயிற்று. காபி வாங்கப் போனதாகச் சொன்னாள். கையில் காபி இல்லை. 

இப்போது என் நெஞ்சு தட்டையாக இருக்கிறது, கடனில் இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, புதுமனை என்று எந்த விசேஷம் வந்தாலும் சட்டையைத் தேய்த்து மாட்டிக்கொண்டு ஓடுகிறேன். எல்லா அழைப்பிதழும் என் புதுப் பெயருக்கே வருகிறது. அடையாள அட்டையில் பெயர் மாற்ற நான் செருப்புத் தேய நடந்தேன். ஊரார் ஒரே ஆவணியில் மாற்றிவிட்டார்கள். பழைய பெயருக்கு அனுப்பினால் பணம் வராமல் போய்விடுமோ என்ற பயம்தான் காரணம். முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள்கூட இப்போது வீடு தேடி வந்து, "தம்பி, கட்டாயம் வந்துடணும்" என்கிறார்கள்.

மாமா மட்டும் இன்னும் தடுமாறுகிறார். என்னை வாடா என்று கூப்பிட அவருக்கு நாக்கு வரவில்லை. வாடி என்று கூப்பிட்டால் அம்மா சண்டைக்கு வருவாள். அதனால் போன வருஷத்திலிருந்து, "வாங்க, உக்காருங்க, சாப்பிட்டீங்களா?" என்கிறார். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் எழுந்து நின்று மரியாதை கொடுக்கிற மருமகன் நான் ஒருவன்தான்.