உதை மெக்கானிக்கும் பதினாறு மூட்டைகளும்

என் அக்கா புருஷனைப் பட்டறையில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். 'உதை மெக்கானிக்' என்றுதான் சொல்வார்கள். அவர் யாரையும் அடித்ததில்லை. கொசுவைக்கூட ஊதித்தான் விரட்டுவார். கனரக வண்டிகளின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பிரித்துச் சரிபண்ணுவது அவர் வேலை. "கியர் மாறினா முதுகுல ஒரு உதை விட்ட மாதிரி மாறணும். வழவழன்னு மாறுச்சுன்னா உள்ளே ஏதோ எரியுதுன்னு அர்த்தம்" என்று இருபத்தாறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதனால் டிப்பர் ஓட்டுபவர்கள், "வண்டிக்கு உதை வாங்கிக் கொடுக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அவரிடம் வருவார்கள். முதல் தடவை இதைக் கேட்டபோது மாமா சிரித்தாராம். நான் பார்க்கவில்லை.

நான் பார்த்த மாமா காலையில் எழும்போதே வேலை முடிந்து வந்தவர் மாதிரி எழுவார். தோள் வலியால் வலது கை காதுக்கு மேல் உயராது. சட்டையில் முதலில் வலது கையை நுழைத்து, சற்று நின்று மூச்சு வாங்கி, அப்புறம்தான் இடது கை. பட்டறையில் நின்றுகொண்டே சாப்பிடுவார். "உட்கார்ந்தா திரும்ப எழுந்திருக்கணுமே" என்பார். மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிய பின்னும் அக்கா அவர் கையை எடுத்து முகர்ந்து, "இன்னைக்குக் கருகின எண்ணெயா?" என்று கேட்பாள். அவர் தலையாட்டுவார். பத்தொன்பது வருடமாக அவர்கள் பேச்சில் பாதி இப்படித்தான் நடக்கிறது.

அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி நாலு வருடம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். நான் ஓட்டுவது அந்த மருத்துவமனையின் பஸ்தான். பதினாறு இருக்கை, பதினாறு நோயாளி. மருத்துவமனை இருப்பது செங்குத்தான மேட்டின் உச்சியில்; நோயாளிகளை நினைத்துப் பார்க்காத எவனோ இடம் பிடித்திருக்கிறான். போகும்போது எல்லோரும் வாயடிப்பார்கள். திரும்பும்போது பிழிந்து போட்ட துணி மாதிரி கிடப்பார்கள். இருப்பது ஒரே பஸ். அது படுத்தால் அவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

மூன்று மாதம் முன்பு அது படுத்தது. மேட்டில் இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போது எஞ்சின் மட்டும் அலறும், வண்டி நகராது. நான் மாமாவிடம் போய் நின்றேன்.

"வழுக்குது மாமா."

கியர் எண்ணெயின் அளவுக் கம்பியை உருவி முகர்ந்து பார்த்தார். "வழுக்கலை, செத்துக்கிட்டு இருக்கு. எத்தனை நாளா இப்படி ஓட்டறே?"

"ரெண்டு வாரமா."

"முதல்ல உன்னை உதைக்கணும்டா."

பதினொரு நாள் பிடித்தது; அதுவரை நோயாளிகள் ஆட்டோவுக்குக் காசு அழுதார்கள். பட்டறை வேலையையும் பார்த்துக்கொண்டு இதையும் பார்த்தார். கியர்பாக்ஸை இறக்கிக் கருகிப்போன கிளட்ச் பிளேட்டுகளை மாற்றினார். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. உள்ளே எண்ணெய் பாயும் வழிகளுக்கு நடுவில் ஓட்டை போட்ட தகடு ஒன்று இருக்கிறது. ஓட்டை பெரிதாக இருந்தால் எண்ணெய் வேகமாகப் பாயும், பிளேட்டுகள் சட்டென்று கவ்விக்கொள்ளும், வழுக்க நேரமே இருக்காது. டிப்பருக்குச் செய்வதுபோலவே இதற்கும் ஓட்டைகளைப் பெரிதாக்கினார். ஸ்பிரிங்கையும் தடித்ததாகப் போட்டார். தோள் வலிக்குப் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"இவ்வளவு எதுக்கு மாமா?"

"உங்கக்கா போற வண்டி. இனிமே அது நடு மேட்டுல நிக்கக் கூடாது."

இருக்கைக்கு ஒன்றாகப் பதினாறு மணல் மூட்டைகளை உட்கார வைத்து மேட்டில் ஏற்றிப் பார்த்தோம்; நான் ஓட்ட, மாமா சாலையோரம் நின்று சத்தத்தைக் கவனித்தார். ஒவ்வொரு கியரும் 'டக்' என்று விழுந்தது. மூட்டைகள் இம்மியும் நகரவில்லை. எனக்கும் ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் ஓட்டுநர் இருக்கைக்கு மட்டும் அடியில் காற்றுப் பை உண்டு. "ஆறு வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம்" என்றார் மாமா.

முதல் நாள் திரும்பி வரும்போதே ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் பின்னாலிருந்து முனகினார். "எந்தப் புண்ணியவான்யா இதை ரிப்பேர் பண்ணினது? குடல் வாய்க்கு வருது."

கண்ணாடியில் அக்காவைப் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டு வாசலில் இறங்கும்போது என் கையைப் பிடித்தாள்.

"அவர்கிட்ட சொல்லாதே."

"ஏன்க்கா? உனக்கும் வலிக்குது இல்ல?"

"பதினொரு நாளா தூக்கத்துல தோளைப் பிடிச்சுக்கிட்டு முனகினாருடா. எனக்காகப் பண்ணினது. நல்லா இல்லைன்னு நான் எந்த வாயால சொல்வேன்?"

நானும் வாயைப் பொத்திக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். கியர் மாறும் நேரம் பார்த்து ஆக்சிலரேட்டரில் காலை இளக்கிப் பார்த்தேன். சமதளச் சாலையில் வண்டி கொஞ்சம் சொன்னபடி கேட்டது. மேட்டிலும் இறக்கத்திலும் நான் சொன்னதை அது காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு நாள், இறக்கத்து வளைவில் வண்டி 'டக்' என்று கீழ்க் கியருக்கு விழுந்தது. அக்கா சட்டென்று முன் இருக்கைக் கம்பியைப் பிடித்தாள், இடது கையால். அதுதான் ஊசி குத்தும் கை. அதில் பாரமே கொடுக்கக் கூடாது என்று டாக்டர் தலைப்பாடாய் அடித்துக்கொண்டிருந்தார். ஊசி எடுத்த இடத்துக் கட்டு சிவந்து, ரத்தம் முழங்கை வரை வழிந்தது. தபால்காரர் தன் துண்டை வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்ள, வண்டியைத் திருப்பி மறுபடியும் மேடேறினேன்.

ரத்தம் நின்று வீட்டுக்குக் கூட்டி வந்தபோது மாமா வாசலில் நின்றார். புடவையைப் பார்த்தார்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லீங்க" என்றாள் அக்கா.

அவர் என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. மறுநாள் காலையில் வந்து அக்கா உட்காரும் இருக்கையில் உட்கார்ந்து, "ஏத்து" என்றார். நாலு தடவை ஏற்றி இறக்கினேன். ஒவ்வொரு உதைக்கும் கண்ணை மூடித் திறந்தார். நாலாவது தடவை முடிந்தும் எழுந்திருக்கவில்லை.

"மூட்டைக்கு வலிக்காதுன்னு எனக்குத் தோணவே இல்லைடா. மனுஷங்க போற வண்டியை மண்ணை வச்சுப் பார்த்திருக்கேன்."

பெரிதாக்கிய ஓட்டையைத் திரும்பச் சின்னதாக்க முடியாது. பழைய இரும்புக் கடைகளில் இரண்டு நாள் அலைந்து, அதே மாதிரியான உடைந்த கியர்பாக்ஸ் ஒன்றிலிருந்து தகட்டையும் ஸ்பிரிங்கையும் எடுத்து வந்தார். பஸ் ஓடாத ஞாயிற்றுக்கிழமை அதன் அடியில் மல்லாந்து படுத்தார். எண்ணெய் அக்குளுக்குள் சொட்டியது. இந்தத் தடவை ஒரே ஒரு ஓட்டையைத்தான் பெரிதாக்கினார், அதுவும் மயிரிழை அளவு.

மூட்டை வேண்டாம் என்றார். அக்கா தன் இருக்கையில் உட்கார்ந்தாள். மாமா எதிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, சாலையை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்குங்க."

"நீயும் மூட்டை மாதிரி இருக்காதே. வாயைத் திறந்து சொல்லு."

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "ரெண்டாவது தடவை மாறும்போது இடுப்புல இடிக்குது."

இறங்கி, அடியில் புகுந்து, அழுத்தத்தைக் குறைக்கும் திருகை அரைச் சுற்று தளர்த்தினார். மறுபடி மேடு. "இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றாள். மறுபடி அடியில் புகுந்தார். மூன்றாவது தடவை, "மாறினதே தெரியலை" என்றாள்.

மாமா துணியில் கையைத் துடைத்தார். "இவ்வளவு மெத்துனு வச்சா பிளேட் சீக்கிரம் தேயும். ஆறு வருஷம் தாங்காது. மிஞ்சிப்போனா மூணு வருஷம்."

"எனக்கு அது போதும்" என்றாள் அக்கா.

சாப்பிடும்போது இன்னொரு கரண்டி வேண்டாம் என்று சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். நான் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி இருந்தேன். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"எப்படிப் போதும்?" என்றார் மாமா. "மூணாவது வருஷம் நான் பிரிப்பேன். ஆறாவது வருஷமும் பிரிப்பேன். இந்தத் தோள் போச்சுன்னா இடது கையால பிரிப்பேன். நீ பாட்டுக்கு உட்கார்ந்து வா."

பிறகு அவர் அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். எனக்கு இறக்கத்தில் வண்டியை எடுக்கச் சற்று நேரம் பிடித்தது. கண்ணாடியில் பார்த்தபோது அக்கா அவர் கையை எடுத்து முகர்ந்துகொண்டிருந்தாள்.

"புது எண்ணெய்" என்றாள்.

அவர் தலையாட்டினார்.