ராசாத்தாள் வீட்டுக் கடல் பூ

எங்கள் பக்கத்து வீட்டு ராசாத்தாள் ராமேசுவரம் போனபோது இரண்டு காரியம் செய்தார். கடலில் முழுகி எழுந்து, இனி ஆயுசுக்கும் கறி மீன் தொடுவதில்லை, வீட்டு வாசற்படி ஏற விடுவதுமில்லை என்று சாமியிடம் வாக்குக் கொடுத்தார். பிறகு கரையோரப் பாறையில் விரிந்திருந்த ஒரு பூவை, ஒட்டியிருந்த கல்லோடு எடுத்து, மண்பானையில் கடல் தண்ணீர் ஊற்றி ரயிலில் கொண்டுவந்தார்.

சிறுவாணித் தண்ணீர் குழாயில் வரத் தொடங்கி நாலைந்து வருஷம் ஆன சமயம். எங்கள் வீதியில் கடலைப் பார்த்தவர்களே மூன்று பேர்தான். ஆகையால் எல்லோரும் பார்க்கப் போனோம். அவர் வீட்டுக்காரர் திருமூர்த்தி, மில்லில் வேலை பார்ப்பவர், பெரிய கண்ணாடி ஜாடி வாங்கி வைத்திருந்தார். உள்ளே இளம்பச்சையில் சாமந்தி மாதிரி ஒன்று. காற்றில்லாமலே இதழ் அசைந்தது. இலையும் இல்லை, வேரும் இல்லை.

தினமும் காலையில் ராசாத்தாள் கொட்டாங்குச்சி அகப்பையால் ஜாடித் தண்ணீரை மொண்டு மொண்டு, நமசிவாய என்று நூற்றெட்டுத் தடவை திரும்ப ஊற்றுவார். அது அவருக்கு அபிஷேகம்.

"எனக்கு ஒரு சொம்பு தண்ணி மொண்டு தர ஆளைக் காணோம்" என்பார் திருமூர்த்தி.

ஒருநாள் ஜாடிக்குள் ஒரு ஈ விழுந்தது. இதழ்கள் அதை வளைத்து நடுவில் தள்ளின. ஈயைக் காணோம். ராசாத்தாள் அகப்பையைக் கீழே போட்டுவிட்டார். அடுத்த வாரம் அந்தப் பூ கல்லை விட்டு இறங்கிக் கண்ணாடியில் ஏறிக்கொண்டது. பிறகு நாளுக்கு நாள் சுருங்கிக் கொட்டைப்பாக்கு அளவாகிவிட்டது.

வளையல் விற்க வரும் ஆமினா பீவிக்குத் தாய்வீடு கீழக்கரை. அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது பூவில்லேக்கா, உசுரு. பட்டினி கெடக்குது. மீன் துணுக்கு போட்டாத்தான் பொழைக்கும்."

"மீனா? சிவசிவா! நீங்களே உங்க ஊட்டுக்குக் கொண்டு போயிருங்க அம்மிணி."

"எங்க ஊட்ல ஏழு புள்ளைங்கக்கா. பொழுது சாயறதுக்குள்ள ஜாடி தூளாயிரும்."

மீனைத் தொட்டால் சாமிக்குக் கொடுத்த வாக்குப் போச்சு. தொடாவிட்டால் சாமி வாசலிலிருந்து எடுத்துவந்த உயிர் போச்சு. சோறு இறங்கவில்லை அவருக்கு. கடைசியில் மாகாளியம்மனிடம் பூக் கேட்டுவிடலாம் என்று என்னையும் அழைத்துப் போனார். வெள்ளை அரளி ஒரு பொட்டணம், செவ்வரளி ஒரு பொட்டணம். வெள்ளை வந்தால் ஆமாம், சிவப்பு வந்தால் இல்லை.

"என்ன கேக்கோணும் அம்மிணி?" என்றார் பூசாரி.

"அது பூவா, உசுராங்க?"

"அப்பிடிக் கேட்டா அம்மன் எதைன்னு சொல்லும்? ஒண்ணைச் சொல்லிக் கேளுங்க."

"அது பூத்தானுங்களே சாமி?"

பூசாரி எடுத்துப் பிரித்த பொட்டணத்தில் வெள்ளை வந்தது.

சந்தோஷப்பட வேண்டியவர், வீட்டில் ஜாடி முன்னால் உட்கார்ந்துகொண்டு என்னைக் கேட்டார்: "ஈயைத் தின்னதை என் கண்ணால பார்த்தேனுங்க. அம்மனும் பொய் சொல்ல மாட்டா. அப்ப என் கண்ணுல கோளாறுங்களா?" எனக்கும் குழப்பமாகத்தான் இருந்தது.

மறுநாள் ஆமினா பீவி வந்ததும் ராசாத்தாள் மெல்லக் கேட்டார்.

"ஏனுங் பீவி, அம்மன் பூவுன்னு சொல்லிப்போட்டா. பூவுக்கு எருப் போட்டா அது கறியாகுமுங்களா?"

பீவி கொஞ்சம் யோசித்தார். "ஆகாதுக்கா. எரு எருதான்."

அன்று மாலையே உக்கடம் குளத்து மீனில் கடலையளவு துணுக்கு ஒன்றை பீவி இலையில் மடித்துக் கொண்டுவந்தார். அது வாசற்படி ஏறாமல் இருக்க, ஜாடியையே வாசலுக்குத் தூக்கி வந்தோம். ராசாத்தாள் ஈர்க்குச்சியில் குத்தி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு ஜாடிக்குள் நீட்டினார்.

"சிவசிவா. உழுந்துச்சுங்களா?"

"உழுந்துச்சுக்கா."

"என்ன பண்ணுது?"

"திங்குதுக்கா! நல்லாத் திங்குது!"

"திங்குதுன்னு சொல்லாதீங்க அம்மிணி. எரு இழுக்குதுன்னு சொல்லுங்க."

இரண்டு நாளில் அது பழையபடி விரிந்தது. வாரம் ஒருதரம் வாசலில் எரு நடந்தது. ஒவ்வொரு தரமும் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து, நான் செய்தது சரிங்களா என்று என்னைக் கேட்பார். ஈசனுக்குத்தான் தெரியும் என்பேன். "அவருகிட்டத்தான் கேட்க பயமா இருக்குதுங்க" என்பார்.